குவிமாடத்து உச்சியில் முதல் மழை

மூங்கில் சாரத்தில் ஏறப்போகிற பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருத்தரை நடுவில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கட்டிங் சாயா, அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து கேளுங்கள். முடிச்சு எப்படிப் போடுவது, சுண்ணாம்பை எப்படிக் குழைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. மேலே நிற்கும்போது புத்தி தடுமாறுமே, அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போர் நடந்தபோது நான் தாராவியில் நாலாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கேயும் மேற்கேயும் பெரிய பெரிய நகரங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போயின. பம்பாய் மேல் குண்டு விழவில்லை. ஏன் விழவில்லை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் உலகத்துப் பெரிய கட்டடங்கள் என்று ஒரு பாடம் உண்டு. டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பி, "இது இல்ல, இதுவும் இல்ல, இது பாதி இருக்கு" என்று சொல்லச் சொல்ல, நாங்கள் படங்களின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டோம். கோடு போடாத படங்களில் ஒன்று நம்ம பம்பாய் வி.டி. ரயில் ஸ்டேஷன். அன்றைக்கு வகுப்பே கை தட்டியது. நாங்கள் என்னமோ கட்டிக் கொடுத்த மாதிரி.

தப்பிப் பிழைத்த நாடுகள் எல்லாம் கூடி, மிச்சமிருக்கும் சின்னங்களைக் காப்பாற்ற ஒரு சபை வைத்தன. அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாயா ஆறிவிடும். நாங்கள் சபை என்றே சொல்வோம். செம்புத் தகடு, ஈயம், நல்ல கயிறு எல்லாம் சபையிடமிருந்துதான் வரவேண்டும். அதனால் சபை சொல்வதே சட்டம்.

அப்புறம் முதல் மழை. உங்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். வானத்தின் மேல்தட்டில் தங்கிப்போன விஷத் தூசி அத்தனையும் வருஷத்தின் முதல் மழையோடுதான் இறங்கும். அதனால் முதல் மழைக்குச் சைரன் ஊதுவார்கள். ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த மழை மனுஷத் தோலை எரிக்கும், கல்லை அரிக்கும். ஆகவே மழைக்கு முன்னால் வி.டி.யின் பெரிய குவிமாடத்துக்குத் தாட்பத்திரி போர்த்த வேண்டும். தார்ப்பாய்க்கு இங்கே அதுதான் பெயர். அந்தக் கட்டடத்துக்கு மழைக்கோட்டு மாட்டிவிடும் வேலைதான் என் வேலை. உச்சிக் குழுவுக்கு நான் தலைவி. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

அந்த வருஷம் குவிமாடத்தின் உச்சிக் கல் மூட்டில் ஒரு விரிசல் கண்டது. அடைத்துவிட்டோம், ஆனால் சாந்து இன்னும் முழுசாக இறுகவில்லை. இந்த விஷயம் சபையின் காதுக்கு எட்டியதும், அது மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு ஆய்வாளரை அனுப்பியது. மூட்டு நிற்காது என்று அவர் சொல்லிவிட்டால் ஸ்டேஷனைச் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள். ரயில் நின்றுவிடும். உள்ளே யாரும் கால் வைக்க முடியாது. சின்னத்தைக் காப்பாற்ற அதுவும் ஒரு வழிதானே என்பது சபையின் எண்ணம். தினமும் அந்த ரயிலில் வந்து பிழைக்கிற லட்சம் பேருக்கு அது வழியில்லை.

வந்த ஆய்வாளர் பெயர் தேவகி. தமிழச்சி என்று தெரிந்ததும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவரைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது. நெடுநெடுவென்று உயரம், இழுத்துப் பின்னிய கொண்டை, சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. இடுப்பில் விஷ அளவுப்பெட்டி ஒன்று தொங்கும். விஷம் இருந்தால் அது படபடவென்று டிக்கடிக்கும். எங்கே போனாலும் அதை நீட்டிப் பார்ப்பார். நான் கொடுத்த இட்லிக்கும் நீட்டினார்.

"மூட்ட என் கண்ணால பாக்கணும் லா," என்றார் முதல் நாளே. அவர்கள் ஊரில் எல்லாப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு லா உண்டு. நெல்லைக்காரர்கள் நாங்களும் லா போடுவோம், ஆனால் வேறு இடத்தில். இரண்டு லாவும் மோதி நாங்கள் பேசுவது சண்டை மாதிரி கேட்கும்.

"தாட்பத்திரி போத்தியாச்சுலா மேடம்," என்றேன்.

"ஒரு பக்கம் தெறந்து காட்டுங்க லா."

மழை இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் இன்ஜினியர் வெங்கட்ராமன் சாரும் சரி என்றார். மாதுங்காக்காரர், தங்கமான மனிதர். உயரம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. சர்வீஸ் முழுக்கச் சாரத்தின் முதல் தட்டைத் தாண்டி ஏறியதே இல்லை. கீழே போர்ட்டிகோவில் மெகாபோனோடு நின்றுகொண்டே மொத்தக் கட்டடத்தையும் பழுது பார்ப்பார், நன்றாகவும் பார்ப்பார்.

தேவகி மேடத்தை மேலே கூட்டிப் போனேன். நன்றாகவே ஏறினார். உச்சியில் கையில் தீவட்டியோடு ஒரு பெண் சிலை நிற்கிறதே, அதை நாங்கள் பெரியக்கா என்போம். பெரியக்காவின் காலடியில் உட்கார்ந்து தாட்பத்திரியின் ஒரு மடலை அவிழ்த்துக் காட்டினேன். மேடம் குனிந்து, மூட்டைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் காது வைக்கிற மாதிரி. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் கடல் பக்கம் பார்த்தேன். எருமை மந்தை மாதிரி மேகம். சைரன் ஊதியது.

கீழே சாலை காலியாவது மேலிருந்து பார்த்தால் வடிகட்டியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இருக்கும். டாக்சி, கூலிக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். என் ஆட்களும் கீழ்த்தட்டுகளிலிருந்து இறங்கி ஓடினார்கள். மெகாபோனில் வெங்கட்ராமன் சார் கத்தினார்.

"செல்லத்தாயி! விட்டுட்டு எறங்கி வாம்மா! கல்லு போனாப் போறது, மனுஷாதான் முக்கியம்!"

என் காலும் இறங்கத்தான் துடித்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாங்கள் பாதி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த மூங்கில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். மேடத்துக்கு இந்தச் சாரம் புதிது. ஆக, இறங்கினாலும் நனைவோம், மேலே இருந்தாலும் நனைவோம். இறங்கினால் கூடவே விழவும் விழுவோம். மழை என்ன செய்யும் என்பது பயம். மூங்கில் என்ன செய்யும் என்பது நிச்சயம். பயத்தையும் நிச்சயத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

"மேடம், எறங்க வேண்டாம். இங்கயே கட்டிக்குவோம்," என்றேன்.

அவர் மேகத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். "சரி. மொதல்ல மடலக் கட்டுங்க, நான் புடிச்சுக்கறேன்," என்றார். அதில் லா இல்லை. அவ்வளவு பயம்.

இரண்டு பேரும் மடலை இழுத்துக் கட்டினோம். நாங்களும் அதற்குள் புகுந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். அது கல்லின் மேல் தோல் மாதிரி ஒட்டிக் கிடக்கும், கையைக்கூட நுழைக்க முடியாது. மழைக்கோட்டு இரண்டும் கீழே கூடையில். பெரியக்காவின் இடுப்போடு மேடத்தைக் கட்டினேன், என்னையும் கட்டிக்கொண்டேன். முதல் துளி என் கையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எரியவில்லை.

அடுத்த துளி கன்னத்தில். ஜில்லென்று இருந்தது. அப்புறம் வானமே கொட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தால் மேடம் அளவுப்பெட்டியை மழையில் நீட்டி, கோபமாக அதை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"கெட்டுப் போச்சு லா இது."

அது எப்போதாவது ஒருமுறை சோம்பேறித்தனமாக டிக் என்றது. வீட்டுக்குள் வைத்தால் எப்படிச் சத்தம் போடுமோ அப்படி. அதன் மூடியில் சோதனைக்கென்று விஷக்கல் துணுக்கு ஒன்று இருக்கும். மேடம் மூடியை எடுத்துப் பக்கத்தில் காட்டினார். பெட்டி வாணலியில் கடுகு மாதிரி பொரிந்தது. மூடியை விலக்கி மழையில் நீட்டினார். டிக். நிசப்தம். மறுபடி ஒரு டிக்.

பெட்டி கெட்டுப்போகவில்லை. மழைதான் நல்லதாகிவிட்டது.

மேடம் என்னைப் பார்த்தார். "எங்க ஊர்ல மழை பேஞ்சாலே சைரன்தான், தங்கச்சி. நான் மழையக் கண்ணாடி வழியாத்தான் பாத்திருக்கேன்," என்றார். உடனே சிரிக்க ஆரம்பித்தார். அதுவரை சேர்த்து வைத்திருந்த சிரிப்பு முழுவதும் மொத்தமாக வந்தது. கொண்டை அவிழ்ந்தது. கட்டிய கயிற்றோடு அந்த நெடிய பெண் பெரியக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். வாயைத் திறந்து மழையைக் குடித்தேன். உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கிடைத்த மழை மாதிரி இருந்தது.

குதித்துக்கொண்டே கீழே பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். எதிர்க் கட்டடத்து வராந்தாவில் ஒரு போலீஸ் ஹவல்தார் எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல ஒரு காலை எடுத்து மழைக்குள் வைத்தார். அவருக்குப் பின்னால் நூறு பேர், அவர் என்ன ஆகிறார் என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

நான் குதிப்பதை நிறுத்தினேன். எங்களிடம் இருப்பது ஒரு பெட்டி, ஒரு இடத்து அளவு. மேகத்துக்கு மேகம் வித்தியாசம் உண்டு. இங்கே சுத்தம் என்றால் செம்பூரிலும் சுத்தம் என்று யார் சொன்னது? கிங்ஸ் சர்க்கிள், வாஷி, அம்பர்நாத் மூன்று இடத்திலும் அளந்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் விட்டு விட்டு ஊதும் நல்ல சைரன் வரும். அதற்குள் இந்தக் கூட்டம் வெளியே வந்து, அதைப் பார்த்து அடுத்த தெரு வந்து, ஊரே நனைந்து, ஒரு இடத்து மேகம் மட்டும் கெட்டதாக இருந்துவிட்டால்?

மேலே நிற்கிறவர் சிரித்தால்கூட அது கீழே உத்தரவாகிவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

நான் தலையில் இரண்டு கையையும் வைத்து, "ஐயோ! எரியுதே! எரியுதே!" என்று அலறினேன்.

மேடம் பதறிப்போனார். "எங்க? எங்க எரியுது லா?"

"எனக்கு ஒண்ணும் எரியல. கீழ பாருங்க, வெளிய வாறாக. நடிங்க, மேடம்!"

சட்டென்று புரிந்துகொண்டார். ஆனால் அவர் நடித்த நடிப்பு இருக்கிறதே! ஒரு கையை நெற்றியில் வைத்து, மறு கையை வானத்துக்கு நீட்டி, நாடகத்தில் ராணி விஷம் குடித்த மாதிரி சுழன்று சரிந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். கீழே இருப்பவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரிந்திருக்கும். ஹவல்தார் வைத்த காலை நெருப்பை மிதித்தவர் மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்பக்கம், பிளாட்பாரம் பக்கத்துச் சாரம் ஆடியது. எட்டிப் பார்த்தேன். வெங்கட்ராமன் சார் ஏறி வந்துகொண்டிருந்தார்.

அக்குளில் எங்கள் மழைக்கோட்டு இரண்டு. கழுத்தில் கயிற்றில் தொங்கும் நல்ல தண்ணீர் கேன். எங்கள் தோலைக் கழுவத்தானாம். கண் மூடியிருந்தது. நிஜமாகவே மூடியபடி, தடவித் தடவி ஏறினார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், மேலே படுகிற மழை எரியவில்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. வாய் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. விஷ மழை என்று நம்பிக்கொண்டு, எங்களுக்காக, அந்த மனிதர் நனைந்த மூங்கிலில் பாதிக்கு மேல் வந்துவிட்டார்.

"சார்! வராதீங்க! எங்களுக்கு ஒண்ணுமில்ல!"

"வந்துண்டே இருக்கேம்மா! பொறுத்துக்கோ!" நான் கத்தியதை அவர் வலி என்றே எடுத்துக்கொண்டார்.

திரும்பி இறங்கச் சொல்லலாம் என்று தோன்றியது. கூடாது. வழுக்கும் மூங்கிலில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பாதிக்கு மேல் வந்தவரை மேலே இழுத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் நான் பின்பக்கம் போய்விட்டால் முன்பக்கம் ஜன்னல்கள் திறந்துகொள்ளும்.

"மேடம், நீங்க சாலையப் பாத்து அழுங்க. நான் சாரக் கூப்பிடுதேன்."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பெரியக்காவின் முன்பக்கம் மேடம் "ஐயோ, அம்மா, எரியுது லா!" என்று கதறுகிறார். பின்பக்கம் நான், குரலைத் தாழ்த்தி, "சார், கீழ பாக்காதீங்க. என் குரல மட்டும் கேளுங்க. வலது கை மேல. அங்க முடிச்சு இருக்கு, புடிங்க. ஆங். இப்ப இடது கால்," என்கிறேன். மேடம் கதறும்போதெல்லாம் சார் நடுங்கி நின்றுவிடுகிறார். "அத விடுங்க சார், அவங்க நல்லாத்தான் இருக்காங்க." "நன்னா இருக்கறவா ஏம்மா இப்படிக் கதறறா?" "மேல வந்ததும் சொல்லுதேன் சார். வலது கால்."

ஒரு தடவை கால் வழுக்கியது. தண்ணீர் கேன் மூங்கிலில் மோதி டமார் என்றது. சார் இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மேடம்கூட அழுவதை நிறுத்திவிட்டார். ஸ்லோகம் நின்றது, ஒரு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும். பிறகு அவர் கால் தட்டுப்பட்டு ஊன்றியது. "அடுத்தது எந்தக் கைம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவர் கை என் கைக்கு எட்டியதும் சட்டைக் காலரோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். பெரியக்காவோடு கட்டினேன். கண்ணைத் திறக்காமலே கேனை நீட்டினார். "மொதல்ல தலையில ஊத்திக்கோங்கோ ரெண்டு பேரும்."

மேடம் பெட்டியை அவர் காதில் வைத்தார். டிக். அப்புறம் ஒன்றுமில்லை. சார் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இவ்வளவு உயரத்திலிருந்து தன் ஸ்டேஷனை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார்.

"அப்போ ஏன் கத்தினேள்?"

சொன்னோம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படின்னா சைரன் வர்ற வரைக்கும் நானும் கத்தறதுதான் முறை," என்றார். சொல்லிவிட்டு, மாதுங்கா சபாக்களில் பாட்டுக் கேட்டு வளர்ந்த குரலை எடுத்து, "எரியறதே" என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள். ராகம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மேடம் என் தோளில் விழுந்து மூச்சுத் திணறச் சிரித்தார்.

அப்படியே மூன்று பேரும் கதறிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் துறைமுகம் பக்கமிருந்து வந்தது. விட்டு, விட்டு, விட்டு. நல்ல சைரன். முதல் மழைக்கு, அந்த மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அது ஊதியது அன்றுதான் முதல் தடவை.

ஒரு நொடி ஊர் நம்பவில்லை. பிறகு எதிர் வராந்தாவிலிருந்து அந்த ஹவல்தார் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நடுச்சாலையில் நின்றார். பின்னால் நூறு பேர், அப்புறம் ஆயிரம் பேர். பஸ்ஸின் கூரையில் ஏறினார்கள். புடவையோடு சாலையில் உட்கார்ந்தார்கள். கோட்டுப் போட்ட ஆபீசர் ஒருவர் ஓடையில் காலை விட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். ஹவல்தார் எங்களை அண்ணாந்து பார்த்து, புரிந்துகொண்டு, தலையில் கை வைத்து எங்களை மாதிரியே சுழன்று சரிந்து காட்டினார். சுற்றியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வி.டி. வாசல் முழுக்கத் தலையில் கை வைத்து "ஜல்தா ஹை! ஜல்தா ஹை!" என்று எங்கள் 'எரியுதே'யை இந்தியில் கத்தி ஆடிக்கொண்டிருந்தது. மேலே வெங்கட்ராமன் சார் தாளம் போட்டார்.

மழை விட்டு, வெயில் வந்து, மூங்கில் காயும்வரை நாங்கள் இறங்கவில்லை. நான் விடவில்லை. சந்தோஷத்தில் இறங்குகிறவன்தான் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க மாட்டான். காய்ந்ததும் மேடம் மடலை அவிழ்த்து மூட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"வேலி போட்டுட்டா இந்த மூட்டுக்கு யார் காவல் லா?" என்றார் எங்களைப் பார்த்து. சபைக்கும் அதையேதான் எழுதி அனுப்பினார். ரயில் நிற்கவில்லை. நீங்கள் இன்று காலை வந்து இறங்கியதும் அந்த ஸ்டேஷனில்தான்.

சாயங்காலம் வெயிலில் உடம்பும் புடவையும் முறுகக் காய்ந்து வீடு திரும்பினேன். மழை விட்ட பிறகும் தேங்கிய தண்ணீரில் ஆடிவிட்டு வந்த கூட்டம், ரயிலில் எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். நான் மட்டும்தான் காய்ந்த கட்டை. எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் குடம், அண்டா, சாயப்பட்டறைத் தொட்டி என்று எது கிடைத்ததோ அதையெல்லாம் வெளியே வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்திருந்தார்கள். அம்மா தலை ஈரத்தோடு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, எங்க போய்த் தொலஞ்ச? ஊரே நனஞ்சிட்டு, நீ ஒருத்தி மட்டும் இப்படிக் காஞ்சுபோயி வந்து நிக்கியே! எம்புட்டு நல்ல மழ தெரியுமா? உனக்குக் குடுத்து வைக்கலியேன்னு நான் அழுதேன்லா!"

வாயைத் திறந்தேன். மேலே கத்திய கத்தலில் கட்டிப்போன தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக் குடத்துக்குப் பக்கத்தில் குனிய வைத்தாள்.

"உனக்குன்னு ஒரு குடம் எடுத்து வச்சிருக்கேன். அசையாம நில்லு," என்று சொல்லி, முழுக் குடத்தையும் என் தலையில் கவிழ்த்தாள்.